பூட்டும் ஏசியும்

கேள்வி: 12 வயதான ஏசியை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: திண்டுக்கல் பூட்டு பழசானால் பெருமை, ஏசி பழசானால் கரண்ட் பில். ஃபில்டரில் தூசு, கெப்பாசிட்டர் கோளாறு என்றால் சரிசெய்து ஓட்டுங்கள். கம்ப்ரஸர் போனாலோ, கேஸ் அடிக்கடி கசிந்தாலோ விடைகொடுங்கள். அதிலும் உள்ளே இருப்பது ஆர்-22 கேஸ் என்றால், மான்ட்ரியல் உடன்படிக்கைப்படி 2030-க்குள் இந்தியா படிப்படியாகக் கைவிடும் சரக்கு அது. ‘ஓடுகிறதே, ஏன் மாற்ற வேண்டும்?’ என்பீர்கள். கூடவே மீட்டரும்தானே ஓடுகிறது! இரண்டு மாதத்தில் 500 யூனிட்டைத் தாண்டினால் மலிவான கட்டண அடுக்கு கைநழுவிவிடும். இன்வெர்ட்டர் ஏசி அந்தக் கோட்டுக்குள் நிறுத்துமானால், மாற்றுவதே லாபம். ‘புதுசுக்கு விலை அதிகமாச்சே?’ உண்மைதான். அக்னி நட்சத்திரத்துக்கு மட்டும் போடுகிறவருக்குப் பழசே போதும். இரவெல்லாம் போடுகிறவருக்குப் பழசுதான் விலை அதிகம். பூட்டு எதுவானாலும், சாவி உங்கள் மின்கட்டண அட்டையில் இருக்கிறது.