மோதிரம் தேடி வந்த தபால்காரர்

அமெரிக்கக் கூடைப்பந்தில் கோப்பை ஜெயித்தால் ஆளுக்கொரு மோதிரம் உண்டு. நம்மூர் மாப்பிள்ளை மோதிரமெல்லாம் வெட்கப்பட்டு ஓரமாய் நிற்கும், அத்தனை வைரம். 2003 கோடையில் அது இல்லாத இரண்டு சீனியர்கள் லாஸ் ஏஞ்சலஸ் லேக்கர்ஸுக்கு மூட்டை கட்டினார்கள்.

ஒருவர் கார்ல் மலோன். வயது 40. யூட்டாவில் 18 சீசன் உழைத்தவர். பட்டப்பெயர் 'தபால்காரர்'. (1997 ஃபைனலில் கடைசி விநாடிகளில் அவர் ஃப்ரீ த்ரோ போட நின்றபோது, ஞாயிற்றுக்கிழமை தபால் பட்டுவாடா கிடையாதே என்று எதிரணியின் ஸ்காட்டி பிப்பன் காதில் போட்டுவிட்டுப் போனார். இரண்டும் போச்சு.) இன்னொருவர் கேரி பேட்டன். சியாட்டிலின் செல்லப்பிள்ளை, வாய் மட்டும் தனியாக ஆடும்.

1996 ஃபைனலில் பேட்டனையும், அடுத்த இரண்டு வருஷம் மலோனையும் கவிழ்த்தது ஜோர்டனின் சிகாகோ. அந்த அணிக்கு கோச் ஃபில் ஜாக்சன். இப்போது லேக்கர்ஸுக்கு கோச் யார்? அதே புண்ணியவான்தான். நம் கடையை மூடவைத்த எதிர்க்கடை முதலாளியிடமே கணக்கெழுதப் போவார்களே, அப்படிப் போனார்கள். அதுவும் ஆண்டுக்குச் சுமார் 1.9 கோடி டாலர் வாங்கிய மலோன், 15 லட்சத்துக்கு.

போன வீடாவது நிம்மதியான வீடா? அணியின் நட்சத்திரங்களான ஷக்கீல் ஓ'நீலும் கோபி பிரயண்ட்டும் அங்கே பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள் மாதிரி ஒரே அடுப்படியில் இருந்தார்கள். ஜாக்சனின் 'முக்கோண' ஆட்டம் பேட்டனுக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. காலமெல்லாம் பந்தைத் தன் கையிலேயே வைத்திருந்தவரை மூலையில் போய் நில் என்றால்? யூட்டாவில் 18 வருஷத்தில் பத்தே ஆட்டங்களைத் தவறவிட்ட மலோனுக்கு, வந்த டிசம்பரிலேயே முழங்கால் காலை வாரிவிட்டது. பாதி சீசன் போயிற்று.

சான் அன்டோனியோவுக்கு எதிராக 0.4 விநாடி பாக்கி இருந்தபோது பந்தைப் போட்டு மானத்தைக் காப்பாற்றியதும் இந்த நால்வரில் ஒருவரல்ல. பேட்டனுக்காக பெஞ்சுக்கு அனுப்பப்பட்ட டெரிக் ஃபிஷர்!

2004 ஃபைனலில் எதிரே டெட்ராய்ட். ஊர் ஊராகப் பந்தாடப்பட்ட பில்லப்ஸ், டிராஃப்டில் எந்த அணியும் சீந்தாத பென் வாலஸ். குட்டுப்பட்டாலும் மோதிரக் கையால் குட்டுப்பட வேண்டும் என்பார்கள். முதலில் களமிறங்கிய டெட்ராய்ட் ஐவரில் ஒருவர் கையிலும் மோதிரம் கிடையாது. மூன்றாவது ஆட்டத்தில் லேக்கர்ஸ் மொத்தமாகச் சேர்த்ததே 68 புள்ளி. 4-1, கதை முடிந்தது.

அப்புறம் வீடு பிரிந்தது. ஜாக்சன் கிளம்பினார், ஷக்கீலை மயாமிக்கு அனுப்பினார்கள். பேட்டனும் சுற்றி வளைத்து அங்கேயே போய் 2006-ல் ஒரு மோதிரம் தேற்றிவிட்டார். மலோன் வெறும் விரலோடு 2005-ல் ஓய்வு.

பெஞ்சில் உட்கார்ந்த ஃபிஷரிடம் ஏற்கெனவே மூன்று இருந்தது. பிற்பாடு அதே லேக்கர்ஸில் இன்னும் இரண்டு வாங்கினார். மொத்தம் ஐந்து. ஒரு கைக்குச் சரியாகப் போயிற்று, கட்டைவிரல் உட்பட.