எல்லாரும் ஜெயித்த ஊருக்கு ஒரு சைக்கிள் வழி

பிரான்சில் நாட்டுப்புறம் பார்க்கச் சைக்கிளில் போவது இப்போது ஒரு மோகம். லட்ச ரூபாய்க்கு மேல் கொடுத்துத் தடித்த டயர் வண்டி வாங்குகிறார்கள். வாங்கியதும் வழவழவென்று தார் போட்ட சாலையை விட்டுவிட்டு, வேண்டுமென்றே ஜல்லியிலும் மண்ணிலும் இறங்குகிறார்கள். நடுநடுவே ஓர் இடிந்த கோட்டை, ஒரு பழைய மாதா கோயில், ஒரு திராட்சைத் தோட்டம். காஞ்சிபுரம் பக்கத்துப் பால்காரர் இதையே தினமும் விடியற்காலையில் செய்கிறார். இரண்டு பக்கமும் கேன் வேறு தொங்கும். அவரை யாரும் சாகசக்காரர் என்று சொன்னதில்லை.

பிரான்சுக்கு விசா வேண்டும், காஞ்சிக்கு வேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் ஓடிப்போன இடம்தான் பார்க்க வேண்டுமென்றால் அதுவும் இங்கேயே இருக்கிறது. 1751-இல் அவர்களுடைய காவல்படை ஒன்று காஞ்சியில் பெரிய கோயில் மதிலுக்குள் புகுந்துகொண்டது. ராபர்ட் கிளைவ் பீரங்கியோடு வந்து நின்றதும் கொஞ்ச நாள் வீறாப்பு காட்டிவிட்டு, ஒரு ராத்திரி சத்தமில்லாமல் வெளியேறிவிட்டது. பிறகு கிளைவ் வரதராஜப் பெருமாளுக்கு மகரகண்டி என்ற கழுத்தணியைச் சமர்ப்பித்தார் என்று ஊர் சொல்லும். கோயில் மதிலைப் பீரங்கியால் அடித்தவருக்கு அதைவிட நல்ல பரிகாரம் கிடைத்திருக்காது.

பாடப்புத்தகம் காஞ்சியின் கதையை ராஜாக்கள் வந்த வரிசையில் சொல்லும். சைக்கிள்காரருக்கு அது உதவாது. அவர் கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள்: யார் எந்தப் பக்கமாக வந்தார், எந்தப் பக்கமாக ஓடினார், ஓடிய பிறகு கல்லில் என்ன எழுதிவைத்தார்? மூன்றாவதுக்குப் பதில் எப்போதும் ஒன்றுதான்: "நான்தான் ஜெயித்தேன்."

புறப்பட வேண்டிய இடம் காஞ்சியின் பிள்ளையார்பாளையம். காலையில் தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, ஒரு நெசவாளர் குடும்பமே நின்று இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருக்கும். சாளுக்கியப் படை இந்த ஊருக்குள் நுழைந்திருக்கிறது, ஆங்கிலப் படையும் நுழைந்திருக்கிறது. ஆனால் கட்டிய பாவின் குறுக்கே போய் நல்ல பேர் வாங்கியவர் எவரும் இல்லை. இறங்கி ஓரமாக உருட்டிக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே கைலாசநாதர் கோயில்.

இதை எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியவன் ராஜசிம்ம பல்லவன். குடமுழுக்குக்கு நாளும் குறித்துவிட்டான். முந்தின ராத்திரி சிவபெருமான் கனவில் வந்து, அன்றைக்குத் திருநின்றவூரில் பூசலார் கோயிலுக்குப் போக வேண்டியிருக்கிறது, உன் தேதியை மாற்றிக்கொள் என்று சொல்லிவிட்டார் என்கிறது பெரிய புராணம். அலறியடித்துக்கொண்டு திருநின்றவூர் போன ராஜா அந்தக் கோயிலைத் தேடினால், அங்கே ஒரு செங்கல்கூட இல்லை. பூசலார் அதை மனசுக்குள்ளேயே கட்டியிருந்தார். கல் வாங்கவில்லை, கூலி கொடுக்கவில்லை, டெண்டர் விடவில்லை, ஆனால் குறித்த நாளில் வேலை முடிந்துவிட்டது. தமிழ்நாட்டில் அப்படி முடிந்த கட்டுமானம் அதற்குப் பிறகு நான் கேள்விப்பட்டதில்லை.

இதே கோயில் தூண் ஒன்றில் கன்னடத்தில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. எழுதச் சொன்னவர் சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன். படையெடுத்து வந்து ஊரைப் பிடித்தார், கோயிலுக்குள் போய்ப் பார்த்தார், அசந்துபோனார். எடுத்த பொன்னையெல்லாம் சாமிக்கே திருப்பிக் கொடுத்ததாகக் கல்லில் வெட்டிவைத்துவிட்டுப் போனார். சாளுக்கியரின் கெந்தூர்ச் செப்பேடு இன்னொரு விவரமும் தருகிறது: பல்லவ ராஜா ஓடிவிட்டார், அவருடைய கடுமுகம், சமுத்திரகோஷம் என்ற வாத்தியங்களைச் சாளுக்கியர் பிடித்துக்கொண்டார்கள். பொன் திரும்பி வந்தது. மேளம் திரும்பி வந்ததாகத் தகவல் இல்லை. கையோடு கோயிலின் பிளானும் போயிருக்க வேண்டும், ஏனென்றால் விக்கிரமாதித்தனின் ராணி லோகமகாதேவி பட்டடக்கல்லில் எழுப்பிய விரூபாட்சர் கோயிலைப் பார்த்தால் காஞ்சியின் சாயல் அடிக்கும். அங்கே கல்வெட்டு, 'காஞ்சியை மூன்று முறை வென்றவர்' என்று கணவருக்குப் பட்டம் கொடுக்கிறது. ஒரு தடவை ஜெயித்த ஊரை எதற்கு மறுபடியும் ஜெயிக்க வேண்டியிருந்தது என்று ராணி விசாரிக்கவில்லை.

மேளத்தைப் பறிகொடுத்த அந்த ராஜா நந்திவர்ம பல்லவமல்லன். அவன் கதைக்கு வைகுண்டப் பெருமாள் கோயில் வரை மிதிக்க வேண்டும். 731 வாக்கில் பரமேசுவரவர்மன் போரில் செத்து, சிம்மாசனம் காலியானது. ஊர்ப் பெரியவர்கள் காடு மலை ஆறு தாண்டிப் போய், ஒன்றுவிட்ட கிளையில் இரணியவர்மன் என்ற உறவினரிடம் நின்றார்கள். அவருக்கு நாலு பிள்ளைகள். முதல் மூவரும் மாட்டேன் என்றார்கள். விவரம் தெரிந்தவர்கள் என்று அர்த்தம். கடைக்குட்டி, பன்னிரண்டு வயசுப் பையன், நான் போகிறேன் என்றான். பெற்றவர் கலங்கினார், பையன் கேட்கவில்லை. இது முழுவதும் அந்தக் கோயில் சுற்று மண்டபத்தில் புடைப்புச் சிற்பமாக, கீழே விளக்க வரியோடு இருக்கிறது. படம் போட்டு விளக்கம் எழுதும் வேலையைப் பத்திரிகைக்காரர்கள் தொடங்கிவைக்கவில்லை. பையன் லேசுப்பட்டவன் இல்லை. சாளுக்கியரிடம் அடி வாங்கிய பிறகும் அறுபது ஆண்டுக்கு மேல் ஆண்டான். மாட்டேன் என்ற அண்ணன்மார் பெயர் சிற்ப விளக்கத்தில் மட்டும்தான் மிச்சம்.

இனி வடக்கே. பொன்னேரிக்கரையில் பெங்களூர் நெடுஞ்சாலையைக் கடந்துவிட்டால் ஏரிக்கரை, வாய்க்கால் ஓரம், கிராவல் கொட்டிய ஊர்ச்சாலை. பிரெஞ்சு டயரோ நாட்டு டயரோ, சீமைக்கருவேல முள்ளுக்கு எல்லாம் சமம்தான், ஆகையால் பஞ்சர் சாமான் முக்கியம். பரந்தூர்ப் பக்கம் போனால் விமான நிலையம் வேண்டாம் என்ற எழுத்துகள் கண்ணில் படும். சென்னையின் இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022-இல் குறித்த இடம் இது. இந்த வட்டாரத்துக்குப் படைகள் தரை வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன. மிதித்தால் கொஞ்ச தூரத்தில் புள்ளலூர். வயலும் ஏரியும் ஆடு மேய்க்கிறவரும்தான் கண்ணில் படுவார்கள். ஆனால் உலகத்திலேயே அதிகம் பேர் ஜெயித்த ஊர் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

முதல் ஆட்டம் ஏழாம் நூற்றாண்டில். வந்தவர் சாளுக்கிய இரண்டாம் புலிகேசி, எதிரே மகேந்திரவர்ம பல்லவன். மகேந்திரன் கலைஞர். காபாலிகர் ஒருவர் கள் மயக்கத்தில் கபாலத்தைத் தொலைத்துவிட்டுப் பௌத்த பிக்குவின் மேல் பழி போடுகிறார், கடைசியில் அது நாய் வாயில் போயிருந்தது தெரிகிறது. காஞ்சித் தெருவில் நடக்கும் இந்தக் கூத்தை 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று எழுதியவரே ராஜாதான். விசித்திரசித்தன், சித்திரகாரப்புலி, குணபரன், மத்தவிலாசன் என்று பட்டங்களையும் தாராளமாக வைத்துக்கொண்டார். தெற்கே வந்தவாசிச் சாலையில் தூசி மாமண்டூரில், ஏரிக்கரை ஓரம் அவர் குடைந்த குகைகள் இருக்கின்றன. அது இன்னொரு நாள் சவாரி.

போரில் என்ன ஆயிற்று? 634-ஆம் ஆண்டின் ஐகொளெ கல்வெட்டில் ரவிகீர்த்தி என்ற புலவர் சொல்கிறார்: புலிகேசியின் படை கிளப்பிய புழுதியில் மங்கிப்போன பல்லவர் காஞ்சி மதிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நூறு ஆண்டுக்கு மேல் கழித்து வந்த பல்லவர்களின் காசக்குடிச் செப்பேடு சொல்கிறது: மகேந்திரன் புள்ளலூரில் முக்கியமான பகைவர்களை அழித்தார். எந்தப் பகைவர், எத்தனை பேர், பெயர் என்ன, எதுவும் இல்லை. சாளுக்கியப் புலவர் எதிராளி ஒளிந்த இடம்வரை சொல்கிறார், பல்லவப் புலவர் எதிராளி பெயரைக்கூடச் சொல்லவில்லை. விவரம் அதிகம் சொன்னவர் ஜெயித்தார் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் 642-இல் மகேந்திரன் மகன் நரசிம்மவர்மன் சாளுக்கியத் தலைநகர் வாதாபிக்கே போய், ஊரைப் பிடித்து, அங்கே பாறையில் எழுதிவிட்டு வந்தான். எழுதுவது குடும்பப் பழக்கம்.

இரண்டாவது ஆட்டம் 1780. மைசூரின் ஹைதர் அலி படையோடு இறங்கிவிட்டார். ஆங்கிலப் படையின் கர்னல் பெய்லி வடக்கேயிருந்து வந்து காஞ்சியில் தளபதி ஹெக்டர் மன்றோவோடு சேர வேண்டும். ஆகஸ்டு 25 அன்று கொசஸ்தலை ஆற்றங்கரைக்கு வந்தார். ஆற்றில் தண்ணீர் இல்லை. தாண்டிப் படுப்பதா, படுத்துவிட்டுத் தாண்டுவதா என்ற கேள்வி வந்தபோது பெய்லி படுத்தார். ராத்திரி மழை பெய்தது. செப்டம்பர் முதல் வாரம்வரை ஆற்றின் வடகரையிலேயே உட்கார வேண்டியதாயிற்று. நம் ஊர் ஆறு வருஷத்தில் சில நாள்தான் ஆறாக இருக்கும், அந்தச் சில நாளையும் அவர்தான் அனுபவித்தார்.

மன்றோ 1764-இல் பக்சாரில் ஜெயித்த பெரிய வீரர். காஞ்சியில் சாமான் செட்டைக் காத்துக்கொண்டு அசையாமல் இருந்தார். பெய்லிக்கு உதவியாகக் கர்னல் பிளெட்சரை அனுப்பினார். வழிகாட்டிகள் ஹைதரிடம் சம்பளம் வாங்குபவர்கள் என்று சந்தேகம் வந்து, பிளெட்சர் வேறு வழியில் போனதால்தான் போய்ச் சேர்ந்தார். செப்டம்பர் 10 காலையில் புள்ளலூரில் எல்லாம் முடிந்தது. ஒரு பக்கம் ஹைதரின் மகன் திப்பு, ஒரு பக்கம் ஹைதர், கூடவே லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி. வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. ராக்கெட் பட்டதா, பீரங்கிக் குண்டு பட்டதா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். பெய்லியின் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவான படையில் செத்தவர் போக மிச்சம் கைதி. மைல் கணக்குத் தூரத்தில் இருந்த மன்றோ காஞ்சிக்கே திரும்பினார். கனமான பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டுக்கு நடையைக் கட்டினார். காஞ்சிக் குளங்களில் அத்திவரதரைத் தவிர இன்னும் என்னென்ன மூழ்கிக் கிடக்கிறதோ.

ஸ்ரீரங்கப்பட்டணத்துக்குக் கைதியாகப் போனவர்களில் டேவிட் பெய்ர்ட் ஒருவர். கைதிகளை இரண்டிரண்டு பேராகச் சங்கிலியில் பிணைக்கிறார்கள் என்று கேட்டதும் ஸ்காட்லாந்தில் இருந்த அவருடைய அம்மா, பாவம், என் மகனோடு கட்டுண்டவன் என்று இரக்கப்பட்டாராம். பெற்றவளுக்குத் தெரியும். பெய்லி 1782-இல் சிறையிலேயே இறந்தார். அந்த ஊர்த் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு இந்தப் போரை வரையச் செய்தார். அதில் பெய்லி பல்லக்கில் உட்கார்ந்து விரலைக் கடித்துக்கொண்டிருக்கிறார். புள்ளலூர்க் கணக்கில் சந்தேகமே இல்லாமல் ஒருவர் தோற்ற ஆட்டம் இது ஒன்றுதான்.

அந்தக் குறையும் அடுத்த ஆண்டே தீர்ந்தது. 1781 ஆகஸ்டு 27. இந்த முறை வந்தவர் சர் அயர் கூட். போன தடவை ராசியான இடம் என்று ஹைதரும் அதே இடத்துக்கு வந்து நின்றார், ஜோசியர்களும் தலையாட்டினார்களாம். நாள் முழுக்கப் பீரங்கி முழங்கியது. ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டுக்கு ஒரு கால் போயிற்று. பொழுது சாய்ந்தபோது ஹைதர் நகர்ந்தார், களம் கூட்டிடம் இருந்தது. வெற்றி என்று எழுதினார். ஆனால் மூட்டையில் அரிசி இல்லை. ஜெயித்த படை சோற்றைத் தேடித் திருப்பாசூருக்குத் திரும்பியது. ஆங்கிலேயர் திரும்பிப் போனார்களே, அப்புறம் யார் ஜெயித்தது என்று மைசூர்க்காரர்கள் கேட்டார்கள். அதற்கும் பதில் இல்லை. அன்று செத்த அதிகாரிகளுக்கு இரண்டு நினைவுத் தூண்கள் ஊரில் நிற்கின்றன. பக்கத்தில் ஆடு மேய்கிறது.

இந்தச் சவாரியில் பிழைப்புக்கு உதவும் பாடம் அயர் கூட் கற்றதுதான், சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். சுக்கும் மிளகும் சீரகமும் போட்டு மந்தாரை இலையில் வேகவைத்த குடலை இட்லி வெயிலில் சீக்கிரம் கெடாது. இரண்டு துண்டு பையில் இருந்திருந்தால் 1781-இல் ஜெயித்தது யார் என்ற சந்தேகமே வந்திருக்காது. திரும்பும் வழியில் கருவேல முள் இரண்டு டயரையும் குத்தி, சைக்கிளோடு நீங்களும் டாட்டா ஏஸில் ஊர் வந்து சேர்ந்தால் வெட்கப்பட வேண்டாம். ஸ்ட்ராவா செயலியில் 'புள்ளலூர் வென்றேன்' என்று மட்டும் போடுங்கள். டாட்டா ஏஸை எழுதாதீர்கள். இங்கே வந்துபோன எவரும் அந்தப் பகுதியை எழுதியதில்லை.