தாழை மடலும் மின்மடலும்: வேங்கிக்காலை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்: திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில், வீட்டுப் பரணில் பழைய கணினியை ஏற்றி, போஸ்ட்ஃபிக்ஸ் நிறுவி, சொந்த மெயில் சர்வர் நடத்துகிறார் இவ்வாய்வாளர். மகளின் காதுகுத்துக்குத் தாய்மாமனை அதன் வழியாகவே அழைத்தார். மடல் சேரவில்லை. குழந்தைக்கு உட்கார மடியில்லை. மைத்துனர் பேச்சை நிறுத்திவிட்டார்.

முன்னாய்வு: விடை மொட்டைமாடியிலிருந்தே தெரிகிறது. அண்ணாமலையின் அடிமுடி தேடிய கதையில், முடியைக் கண்டதாகப் பிரம்மன் பொய் சொல்ல, தாழம்பூ சாட்சி சொன்னது. பிடிபட்டதும் சிவபூசையிலிருந்து விலக்கப்பட்டது. உலகின் முதல் பிளாக்லிஸ்ட் இதுவே என்பது நம் துணிபு. 1982-ல் ஜான் போஸ்டல் எழுதிய எஸ்எம்டிபி நெறிமுறையோ, அனுப்புநர் என்று எவர் பெயரைப் போட்டாலும் நம்பியது. சாட்சி கேட்கும் வழக்கம் பிற்பாடுதான் வந்தது.

சாட்சிகள்: இந்த டொமைன் பெயரில் மடல் அனுப்ப எந்த ஐபி-க்கு உரிமை என்று டிஎன்எஸ்-ல் எழுதிவைப்பது எஸ்பிஎஃப். மடல்மேல் இடும் மறையொப்பம் டிகிம். வழியில் ஓர் எழுத்து மாறினாலும் காட்டிக்கொடுக்கும். இரண்டும் பொய்த்தால் என்ன செய்வதென்று சொல்லிவைப்பது டிமார்க். ஐபி-யைக் கேட்டால் பெயர் சொல்வது பிடிஆர். அதை இணைய இணைப்பு தருபவரால்தான் பதிய முடியும்.

களஆய்வு: சர்வர் லாகைப் புரட்டியதில் முதலில் கிடைத்தது 451, அதாவது ‘அப்புறம் வா’. கிரேலிஸ்டிங் எனப்படும் இது, கடன் கேட்பவரை நாளை வரச்சொல்லும் பழைய உத்தி. ஸ்பேம் அனுப்புபவன் பெரும்பாலும் திரும்பமாட்டான். போஸ்ட்ஃபிக்ஸ் ஐந்து நாள் வரை சளைக்காமல் போய் நிற்கும். அடுத்து வந்தது 550: ‘வராதே’. வீட்டு இணைப்புகளின் ஐபி வரிசை மொத்தமும் தடைப்பட்டியலில் இருந்தது. ஆய்வாளர்மேல் குற்றமில்லை, குடியிருந்த தெருமேல்தான். இதைத் தெரிவித்த மடலோ அவருடைய ஸ்பேம் பெட்டியிலேயே கிடந்தது.

பரிகாரம்: நல்ல பெயருள்ள ரிலே சர்வர் வழியே அனுப்பியதில், மன்னிப்பு மடல் மைத்துனரின் ஸ்பேம் பெட்டிவரை முன்னேறியது. இனி விலக்குத் தர அவரால்தான் முடியும். உத்தரகோசமங்கையில் சிவனுக்கே தாழம்பூ சாத்துகிறார்களே!

முடிபு: ஆய்வாளர் வெற்றிலை பாக்குத் தட்டுடன் நேரில் சென்றார். கம்பிக்கதவுக்கு உள்ளிருந்து பதில் வந்தது:

“இப்ப நேரமில்ல மாப்ள. அப்புறம் வாங்க.”

இது 451, 550 அன்று. இன்னும் ஐந்து நாள் இருக்கிறது.