இரைச்சல் ரசிகர்

இனயத்தில் சத்தம் தெரியாதவர்கள் கிடையாது. கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைத் தைக்கிற பெரியவர் தலையை நிமிர்த்தாமலே, "அந்தா வாறது நம்ம பயலுக்க வள்ளம். பிளக்கு மாத்தச் சொன்னேன், இன்னும் மாத்தல்ல" என்பார். வள்ளம் அப்போது கண்ணுக்கு ஒரு புள்ளியாகக்கூட எட்டியிருக்காது. சுசுகி எஞ்சினா, யமகா எஞ்சினா, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டானா என்பதெல்லாம் இந்த ஊர்க் காதுகளுக்குச் சர்வசாதாரணம். அப்படிப்பட்ட ஊரில் ஒருவர் மட்டும் 'சத்தப் பைத்தியம்' என்று பட்டம் வாங்கியிருக்கிறார். குற்றம் ஒன்றுதான்: அவர் கேட்கிற யமகா வேறு.

அவருடைய யமகா கடலில் இறங்காது. ஒய்எம்3812 என்பது அதன் பெயர். இருபத்துநான்கு கால் உண்டு, நீளம் கட்டைவிரல் அளவுக்கு வராது. 1987இல் கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த ஆட்லிப் என்ற கம்ப்யூட்டர் சவுண்ட் கார்டிலும், 1989இல் சிங்கப்பூரிலிருந்து வந்த முதல் சவுண்ட் பிளாஸ்டரிலும் பாடியது இந்தச் சில்லுதான். ஒரு நேரத்தில் ஒன்பது குரல். அதற்குமேல் கேட்டால் ஒன்றை நிறுத்திவிட்டுத்தான் இன்னொன்று. டாஸ் காலத்து விளையாட்டுகள் பலவும் இந்த ஒன்பதுக்குள் சங்கீதம் செய்தன.

பையன்கள் யாராவது வள்ளத்துக்கு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு போனால் வழிமறித்துவிடுவார். மூடியில் இருக்கும் சின்னத்தைத் தொட்டுக் காட்டி, "இது என்னதுலே?" என்பார். மூன்று இசைக்கவை. "எஞ்சின் கம்பெனிக்கு இசைக்கவை எதுக்கு?" பையன் விழிப்பான், தோள் வேறு வலிக்கும். யமகா தொராகுசு என்பவர் 1887இல் ஒரு ஆர்மோனியத்தைப் பழுதுபார்க்கப் போய் ஆரம்பித்த தொழில் அது என்றும், மோட்டார் கம்பெனி 1955இல்தான் தனியாகப் பிரிந்தது என்றும் நடுரோட்டில் வகுப்பு நடக்கும். எஞ்சின் எடை முழுவதும் பையன் தோளில் இருப்பதால் அவன் எதையும் மறுப்பதில்லை. எதிர்த்துப் பேச முடியாத மாணவன் கிடைத்த திருப்தியில் இவர் வீட்டுக்குத் திரும்புவார்.

இந்த வகை ஆட்கள் எங்கும் உண்டு. சென்னை ரிச்சி தெருவின் பழைய சாமான் குவியல்களில் குனிந்து நிற்பவர்களில் சிலரும், சிங்கப்பூர் சிம் லிம் சதுக்கத்தில் எதையும் வாங்காமல் மாடி மாடியாக ஏறுபவர்களில் பலரும் இந்தக் குலம்தான். ஐம்பதைத் தாண்டியிருப்பார்கள். கப்பலிலோ வளைகுடாவிலோ மின்வேலை பார்த்திருப்பார்கள். மற்றவர்கள் ஊருக்கு வரும்போது பெட்டியில் பெர்ஃப்யூமும் பால்பொடியும் இருக்கும். இவர்கள் பெட்டியில், துணிக்கு நடுவே, பச்சை நிறத்தில் ஒரு அட்டை இருக்கும். சுங்க அதிகாரி இது என்ன என்று கேட்டதும் முகம் மலரும். அதிகாரி அதற்குப்பிறகு எந்தப் பயணியிடமும் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார்.

நம்மவரின் கதையில் விசேஷம் என்னவென்றால், இவர் ஏங்கித் தேடுகிற அந்தச் சத்தத்தைச் சின்ன வயதில் இவர் கேட்டதே இல்லை. தொண்ணூறுகளில் கருங்கலில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் டாஸும் டிபேஸும் படித்தார். சார் சாப்பிடப் போகும் நேரத்தில் பிரின்ஸ் ஆஃப் பெர்சியா. சவுண்ட் கார்டு அங்கே எந்தப் பெட்டியிலும் இல்லை. பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கர்தான் எல்லாம். அதற்கு ஒரு நேரத்தில் ஒரு சுருதிதான் தெரியும். இளவரசன் ஓடினாலும், கதவு இறங்கினாலும், முள்ளில் குத்துப்பட்டுச் செத்தாலும் அதே 'டிக்'கும் 'பீப்'பும்தான். அதையும் சார் காதில் விழக் கூடாதென்று துணியை வைத்து அமுக்கி விளையாடியவர்கள் இவர்கள். அந்த விளையாட்டைச் செய்த ஜோர்டான் மெக்னரின் அப்பாதான் அதற்கு இசையமைத்திருந்தார் என்ற செய்தியே இவருக்குப் பல வருஷம் கழித்துக் கப்பலில்தான் தெரிந்தது. "அப்பன் மகனுக்காகப் பாட்டு போட்டிருக்கான். நாம அதைத் துணியப் போட்டு மூடியிருக்கோம்" என்று இப்போதும் சொல்லிச் சொல்லி மாய்வார். போன பிள்ளைப்பருவம் திரும்ப வேண்டுமென்று ஏங்குகிறவர்களை நமக்குத் தெரியும். இவர் வராத பிள்ளைப்பருவத்துக்கு வட்டியோடு பாக்கி வசூலிக்கிறார்.

வசூல் நடப்பது வீட்டின் கடலோரத்து அறையில். அதுதான் முதல் சங்கடம். இனயத்துக் காற்று இரும்பை விடாது, செம்பை விடாது. முப்பது வருஷம் கனடாவிலும் கொரியாவிலும் பத்திரமாக இருந்த கார்டு இங்கே வந்த ஒரே மழைக்காலத்தில் களிம்பு பூத்துவிடும். எனவே ஊரில் யார் வீட்டில் புதுச் செருப்பு, புதுப் பை வாங்கினாலும் அதற்குள் கிடக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் இவருக்கு வந்து சேர வேண்டும் என்பது எழுதாத சட்டம். கல்யாண வீடுகளுக்கு இவர் ஆவலோடு போவது அதற்காகவும்தான்.

ஒரு கார்டைப் பெட்டியில் ஏற்றுவதை நேரில் பார்க்க வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஜன்னலை அடைப்பார். ஐசா ஸ்லாட்டில் இறங்குகிற தங்க முலாம் பல்வரிசையைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் அழிரப்பரால் ஒவ்வொரு பல்லாகத் தேய்ப்பார். மேலிருந்து கீழே மட்டும். குறுக்கே தேய்த்தால் முலாம் உரியுமாம். ரப்பர்ப் பொடியை வாயால் ஊத மாட்டார். எச்சில் ஈரம் பட்டுவிடும். பெயின்ட் பிரஷ்ஷால் தட்டுவார். பிறகு ஸ்லாட்டில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்துவார், 'கடக்' என்று உட்காரும். கடைசியில் கறுப்புத் திரையில் மந்திரம்: 'ஏ220 ஐ5 டி1'. கார்டு எந்த வாசலில் உட்கார்ந்திருக்கிறது, எந்த மணியை அடித்துக் கூப்பிடும், எந்த வழியாகச் சத்தத்தை வாங்கும் என்பதற்கான விலாசம் அது. ரேஷன் கடையில் அட்டை எண் கேட்டால் வீட்டுக்கு ஓடிவருகிற மனிதர், இதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆரம்பகால சவுண்ட் பிளாஸ்டர் ஏழாம் மணியில் உட்கார்ந்து பிரிண்டரோடு சண்டை போட்டதையும், பிறகு ஐந்துக்கு இறங்கி வந்ததையும் சொந்தக்காரர் வீட்டுப் பாகப்பிரிவினை மாதிரி விவரிப்பார்.

எல்லாம் ஆனபிறகு ஃபிரிட்ஜை அணைப்பார். அதன் மோட்டார் கிளம்பும்போது ஸ்பீக்கரில் ஒரு 'டப்' விழுகிறதாம். மீன் பிடிக்கிற ஊரில் ஃபிரிட்ஜுக்குள் என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. இவர் இசை கேட்ட நாட்களை அக்கம்பக்கத்துப் பூனைகள் நன்றாக அறியும்.

எதிர்க்கட்சி இல்லாமல் இந்த வகை ஆள் உயிர் வாழ முடியாது. இவருக்கு மார்த்தாண்டத்தில் ஒரு எதிரி இருக்கிறார். தினமும் ராத்திரி ஒன்பதுக்குப் போன். எதிரி ரோலண்ட் கட்சி. சண்டை டூம் விளையாட்டைப் பற்றி. 1993 டிசம்பரில் வந்த அந்த விளையாட்டுக்குப் பாபி பிரின்ஸ் இசையமைத்தது ரோலண்டின் சவுண்ட் கேன்வாஸ் பெட்டியை வைத்துக்கொண்டு. அதில் முதல் கட்டத்துப் பாட்டு உறுமுகிற மின்கிட்டாரோடு வரும். "எழுதினவரு கேட்டது அதுதான். அப்ப அதுதான் அசல்" என்பது மார்த்தாண்டம். "அந்தப் பெட்டி வாங்க எத்தன பேருக்குத் துட்டு இருந்து? உலகத்துல முக்காவாசிப்பேரு கேட்டது பிளாஸ்டர்ல, யமகா சில்லுல. விளையாடினவன் கேட்டதுதான் அசல்" என்பது இனயம். இலக்கியத்தில் ஆசிரியர் பெரியவரா வாசகர் பெரியவரா என்று அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் அடித்துக்கொள்கிற அதே வழக்கு. இங்கே தினமும் ரீசார்ஜ் தீரும்வரை நடக்கிறது.

சும்மா சொல்லக் கூடாது, எதிரியை ஜெயிப்பதற்காகவே இவரும் ஒரு சவுண்ட் கேன்வாஸ் வாங்கினார். அதைச் சவுண்ட் பிளாஸ்டர் 16இன் வால் வழியாக இணைத்தார். அந்தக் கார்டின் சில பதிப்புகளில் ஒரு பிரசித்தமான கோளாறு உண்டு. விளையாட்டில் துப்பாக்கிச் சத்தமும் வெளிப்பெட்டி இசையும் ஒன்றாக ஓடும்போது, சில நேரம் ஒரு சுரத்தை நிறுத்தச் சொல்லும் செய்தி வழியில் தவறிவிடும். அந்தச் சுரம் 'ஈஈஈ' என்று நிற்காமல் ஓடும். நல்ல மத்தியானம் அப்படி ஒன்று மாட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டம்மாள் குக்கர் என்று நினைத்து வந்து அடுப்பை அணைத்துவிட்டுப் போனார். சோறு அரைவேக்காடு. நம்மவரோ கண்ணை மூடிப் பரவசத்தில் இருந்தார்: "கேட்டியளா, கோளாறு அப்படியே இருக்கு. ஒரிஜினல் கார்டுதான்!"

2023 ஜனவரியில் ஒருநாள் சவரம் செய்யாமல், கரையில் தனியாக உட்கார்ந்திருந்தார். யாரோ விசாரித்தார்கள். "சிங்கப்பூர்ல ஒரு பெரிய மனுசன் போயிட்டாரு." சவுண்ட் பிளாஸ்டரை உலகத்துக்குத் தந்த சிம் வோங் ஹூ இறந்த செய்தி. கேட்டவர் உச்சுக்கொட்டி, மரியாதைக்குக் கொஞ்ச நேரம் நின்று, "எந்தப் பங்கு? அடக்கம் என்னைக்கு?" என்றார். பங்கெல்லாம் இல்லை, அவர் சீனர், மவுத் ஆர்கன் நன்றாக வாசிப்பார் என்று இவர் விளக்கினார். "அப்படியா, நல்ல மனுசன்" என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஊரில் துக்கத்துக்கு மதிப்பு உண்டு. யாருடையது என்பது அப்புறம்.

பொதுக்காரியங்களிலும் மனிதர் இப்படித்தான். இனயத்தில் சரக்குப் பெட்டக மாற்று முனையம் கட்ட 2016 ஜூலையில் மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் கொடுத்தபோது கடற்கரை ஊர்கள் கொதித்து எழுந்தன. கூட்டங்களுக்கு இவர் தவறாமல் போனார், கோஷம் போட்டார். நடுவில் மைக் செட்காரரிடம் போய், "அந்தக் குழாய்ல நடுச்சுருதி தூக்கலா இருக்கு. பேசுகது ஒண்ணும் வெளங்கல்ல" என்று குமிழைத் திருகினார். அதன்பிறகு பேசியவர்களின் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது. சிலருக்கு அது நல்லதாகப் படவில்லை.

மருமகன் பொறியியல் படிக்கிறவன். அவனுக்கு இதெல்லாம் வெறும் பிரமை. லேப்டாப்பில் டாஸ்பாக்ஸ் போட்டால் எந்தக் கார்டின் சத்தமும் வந்துவிடும், மாமா காசைக் கரைக்கிறார் என்பது அவன் கட்சி. ஒருநாள் அவரைச் சுவரைப் பார்த்து உட்காரவைத்தான். ஒன்று லேப்டாப்; ஒன்று பழைய சவுண்ட் பிளாஸ்டர் 16; இன்னொன்று, யமகா சில்லை எடுத்துவிட்டு அதற்குப் பதிலாகக் கிரியேட்டிவ் கம்பெனி தன் சொந்தச் சரக்கை வைத்த பிந்தைய கார்டு. மாற்றி மாற்றிப் போட்டான். மாமா ஒன்றையும் தவறவிடவில்லை. பாட்டு தொடங்கும் முன்பே சொல்லிவிட்டார்.

"பாட்டே வரல்லியே மாமா?"

"பாட்டை எவனும் கேப்பான், மக்களே. பாட்டு இல்லாதப்ப என்ன வருதுன்னு பாக்கணும். அந்தப் பழசுல அடியில ஒரு இரைச்சல் கெடக்கும். லேப்டாப்புல அது இல்ல, சுத்தமா செத்துக் கெடக்கு. மத்ததுல பாட்டு வந்தா மணியில தகரம் தட்டும், அதை இரைச்சலோட அளவ வச்சே சொல்லிரலாம்."

சரிதான். சவுண்ட் பிளாஸ்டர் 16 வரிசையில் பல கார்டுகள் இரைச்சலுக்குப் பேர்போனவை. ஒரு கார்டின் உயர்வை அதன் குற்றத்தை வைத்துக் கண்டுபிடித்து, அந்தக் குற்றத்துக்காகவே அதைக் கொண்டாடுகிற ரசனை இது. எஞ்சினில் பிளக்கு போனதைத் தூரத்திலேயே கேட்கிற கரைப் பெரியவரின் காதும் இதே காதுதான். ஆனால் அவர் கேட்பதைக் கேட்கக் கரை நிறைய ஆள் உண்டு. "ஆமா, பிளக்குதான்" என்று பக்கத்திலிருப்பவர் தலையாட்டுவார். இவருக்குத் தலையாட்ட ஊரில் ஒரு நாதியில்லை. மார்த்தாண்டத்து எதிரியோடு இவர் தினமும் பேசுவதன் ரகசியம் அதுதான். வித்தியாசம் கேட்கிறது என்று ஒப்புக்கொள்கிற ஒரே மனிதர் அந்த எதிரி.

அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார், போன வாரம்வரை. அன்று சவுண்ட் பிளாஸ்டரை ஏற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். அடுக்களையில் மரச்சீனிக் கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்த மனைவி குரல் கொடுத்தார்.

"கேட்டியளா, முந்தாநாத்து போட்டதை எதுக்குக் கழத்தினிய? அதுதான் நல்லா இருந்து. இதுல அடியில யாரோ சாளை பொரிக்கிய சத்தம்லா கேக்குது."

முந்தாநாள் போட்டது, உடைத்த கம்ப்யூட்டரிலிருந்து எடைக்கு எடை வாங்கிய ஈஎஸ்எஸ் கார்டு. யமகா சில்லே கிடையாது. அதைப் போல ஒன்றை அந்தக் கம்பெனி சொந்தமாகச் செய்து உள்ளே வைத்திருந்தது. மலிவு விலைக் கம்ப்யூட்டர்களில் போட்டது. சவுண்ட் பிளாஸ்டரைவிட இரைச்சல் குறைவு என்பது நிஜம். இவர் அதை அலமாரியில்கூட வைப்பதில்லை, கட்டிலுக்கு அடியில் போட்டிருந்தார்.

இத்தனை வருஷமாக அந்த அம்மாள் ஒவ்வொரு கார்டையும் சமைத்துக்கொண்டே கேட்டு, பிரித்து, வரிசைப்படுத்தி வைத்திருக்கிறார். யாரும் கேட்காததால் சொல்லவில்லை, அவ்வளவுதான். மனிதர் துள்ளிக் குதித்திருக்க வேண்டும். "அசலும் நகலும் தெரியாம பேசாத" என்று கத்தினார். "காது வலிக்காததுதான் எனக்கு அசல்" என்று அடுக்களை பதில் சொன்னது. ராத்திரி ஒன்பதுக்கு மார்த்தாண்டத்துப் போன் வந்தபோது அம்மாளே எடுத்து, தன் கட்சியை விளக்கமாக எடுத்துரைத்தார். அந்தப் பக்கத்திலிருந்து, "நீங்க சொல்லுகதுலயும் நியாயம் இருக்கு, அக்கா" என்று கேட்டது. இப்போது நம்மவர் இரண்டு எதிர்க்கட்சிகளைச் சமாளிக்கிறார். ஃபிரிட்ஜை அணைக்கும் அதிகாரமும் பறிபோய்விட்டது.