ஒரே வரி போதுமாம்!

கே: அக்காவுக்குப் பள்ளியில் கொடுத்த மடிக்கணினியைத் துடைத்துவிட்டு டெபியன் லினக்ஸ் போட்டிருக்கிறேன். தமிழில் டைப் செய்ய ஒரு வீடியோவில் ஒரே ஒரு வரிக் கட்டளை சொன்னார்கள். காப்பி செய்து ஒட்டினால் போதுமாம். ஒட்டலாமா?
– கல்லூரி மாணவர், லைட்ஹவுஸ் குப்பம்

ப: ஒட்டாதீர்கள் தம்பி. கையில் வெண்ணெய் இருக்க நெய்க்கு ஏன் அலைய வேண்டும்? டெபியனின் சொந்த மென்பொருள் களஞ்சியத்தில் ஐபஸ்-எம்17என் என்ற பேக்கேஜ் இருக்கிறது. தமிழ்99, பழைய தட்டச்சுப்பொறி முறை, ஆங்கில ஒலிவழி என எல்லாமே அதற்குள் உண்டு. தமிழ் எழுத்துருக்களும் அங்கேயே கிடைக்கும், அச்சிட்ட தமிழைப் படித்துத் தரும் டெசராக்டும் கிடைக்கும். சொல்லப்போனால் இந்த வெண்ணெய் உங்கள் வீட்டுக்கு வந்து பல வருஷமாகிறது. இலவச மடிக்கணினித் திட்டம் உங்கள் திருவள்ளூர் மாவட்டத்தில்தான் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. விண்டோஸோடு கூட, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையும் போட்டுக் கொடுத்தார்கள். அந்த பாஸும் டெபியன் மேல் கட்டியதுதான். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காமலே பலர் படிப்பை முடித்துவிட்டார்கள் என்பது வேறு கதை.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். அதன் நடுவே ‘சூடோ’ என்று ஒரு சொல் இருக்கும். ‘இனி வருவதை ரூட்டின், அதாவது கணினியின் முழு அதிகாரியின், அதிகாரத்தில் ஓட்டு’ என்பது அதன் பொருள். பேக்கேஜ் எதை நிறுவினாலும் இதே அதிகாரம் தேவைப்படுகிறது. அதனுள் இருக்கும் சிறு ஸ்கிரிப்டுகள் ரூட்டாகவே ஓடும். சீட்டாட்டம் ஒன்றை நிறுவும்போதும் கணினி முழுவதையும் அந்த நேரத்துக்கு ஒருவர் கையில் கொடுக்கிறோம். களஞ்சியத்திலிருந்து வரும் பேக்கேஜில் அந்த ஒருவர் யார் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. பேக்கேஜ் பட்டியலுக்கு மின்கையெழுத்து உண்டு, ஒவ்வொரு கோப்பின் கைரேகையும் அந்தப் பட்டியலில் இருக்கும், ஒன்று பிசகினாலும் டெபியனின் நிறுவியான ‘ஆப்ட்’ நிறுவ மறுத்துவிடும். வீடியோக்காரரின் வரியில் இந்தச் சோதனை எதுவும் கிடையாது. அது இறக்குவது நல்ல தளத்திலிருந்துதானே என்றும் நம்பிவிட முடியாது. 2016 பிப்ரவரியில் லினக்ஸ் மின்ட் தளத்துக்குள்ளேயே புகுந்து, பதிவிறக்கச் சுட்டியை மாற்றி, பின்கதவு வைத்த பிரதியை விநியோகித்தார்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. இன்று அந்த வரி வேலை செய்துவிடும் என்றே வைத்துக்கொள்வோம். ஆறு மாதம் கழித்து அந்த மென்பொருளில் ஓட்டை தெரிந்தால் உங்களுக்கு யார் சொல்வார்கள்? வீடியோக்காரர் அதற்குள் செல்போன் கவர் விற்கப் போயிருப்பார். மென்பொருளைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அதை ஐந்து வருஷம் யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத்தான் நிறுவும் முன் கேட்க வேண்டும். இந்த வாரக் கேள்விகள் எல்லாமே சுற்றிச் சுற்றி இங்கேதான் வருகின்றன.

கே: களஞ்சியத்தில் இருப்பதெல்லாம் பழைய சரக்கு. பழவேற்காடு ஏரியின் முகத்துவாரம் வருஷா வருஷம் எப்படி நகர்கிறது, எங்கே மணல் அடைக்கிறது என்று வரைபடம் போட கியூஜிஐஎஸ் வைத்திருக்கிறேன். டெபியன் தருவது பழைய பதிப்பு. புதியதற்கு வெளியே போகத்தானே வேண்டும்?
– ஆய்வு மாணவி, கோட்டைக்குப்பம்

ப: பதிப்பு பழையதாக இருப்பது வேறு, ஓட்டை அடைக்காமல் கிடப்பது வேறு. டெபியனின் நிலையான வெளியீட்டில் பதிப்பு எண்ணை நிறுத்திவைக்கிறார்கள். பிறகு பாதுகாப்பு ஓட்டை தெரியவந்தால் திருத்தத்தை மட்டும் எடுத்துப் பழைய பதிப்பிலேயே தைக்கிறார்கள். நீண்டகால ஆதரவையும் சேர்த்தால் ஒரு வெளியீட்டுக்கு ஐந்து வருஷம் இந்தத் தையல் வேலை நடக்கிறது. எண்ணை மட்டும் பார்த்துப் பழசு என்று முடிவுகட்டினால் ஏமாந்துபோவோம்.

உங்கள் தேவை நியாயமாக இருக்கலாம். கியூஜிஐஎஸ் திட்டத்தாரே சொந்தக் களஞ்சியம் நடத்துகிறார்கள். அடையாளம் தெரிந்த, தொடர்ந்து புதுப்பிக்கிற வெளியார் அவர்கள். அவர்களைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் கட்டிவைத்துச் சேருங்கள். அவர்களுடைய மின்கையெழுத்துச் சாவியைப் பொதுச் சாவிக்கொத்தில் கோக்காமல் தனிக் கோப்பில் வைத்து, ‘இந்தக் களஞ்சியத்துக்கு மட்டும் இந்தச் சாவி’ என்று எழுதிவிடுங்கள். அதுவும் அரைக் காவல்தான். களஞ்சியம் எதுவானாலும் எந்தப் பெயரில் வேண்டுமானாலும் பேக்கேஜ் கொடுக்கலாம், எண் பெரிதாக இருந்தால் ஆப்ட் அதையே எடுக்கும். ஆகவே பின்னிங் என்ற முன்னுரிமை விதியால், கியூஜிஐஎஸ் பேக்கேஜ்களைத் தவிர வேறு எதையும் அங்கிருந்து எடுக்காதபடி செய்துவிடுங்கள். அடுத்த டெபியன் வெளியீட்டுக்கு மாறும்போது வெளிக் களஞ்சியங்களை முதலில் நிறுத்திவையுங்கள். டெபியன் பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்கு வந்தவர்களில் பாதி வழியில் தவித்த பலரின் காலை, என்றோ சேர்த்து மறந்த வெளிக் களஞ்சியம் ஒன்றுதான் வாரியிருக்கும்.

இத்தனை பாடும் தேவைதானா என்று ஒரு முறை பாருங்கள். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு புள்ளி என்பது தரையில் 10 மீட்டர். புதிய பதிப்பு வந்ததால் அந்தப் பத்து மீட்டர் ஒன்பதாகிவிடாது. முகத்துவாரக் கரையைக் கோடு போட்டு அளக்கப் பழைய பதிப்பே தாராளம்.

கே: டெபியன்காரர்கள் என்ன தேவர்களா? அவர்களும் கோட்டை விட்டிருக்கிறார்களே.
– கூனங்குப்பம் வாசகர்

ப: விட்டிருக்கிறார்கள். அதிலும் பெரிய கோட்டையாகவே. 2006இல் மறையாக்கச் சாவிகளை உருவாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் பேக்கேஜில் டெபியன் பக்கத்தில் செய்த ஒரு சிறு மாற்றம், சாவி உருவாக்கும் இடத்தில் குலுக்கலையே கெடுத்துவிட்டது. எண்ணிலடங்காத சாவிகள் பிறக்க வேண்டிய இடத்தில், ஒரு வகைக்குச் சுமார் 32,000 சாவிகள்தான் பிறந்தன. ஒரு கணினியை உட்காரவைத்தால் அத்தனையையும் முயன்று பார்த்துவிடும். 2008 மே மாதம்தான் இது வெளியே வந்தது. உங்கள் வாதத்துக்கு இதைவிட நல்ல சாட்சி நானே தேடினாலும் கிடைக்காது.

அதற்குப் பிறகு நடந்ததையும் பாருங்கள். திருத்தம் வழக்கமான புதுப்பிப்பாகவே எல்லாக் கணினிகளுக்கும் போனது. கெட்டுப்போன சாவிகளைக் கண்டுபிடிக்கும் கறுப்புப் பட்டியலும் பேக்கேஜாகவே பின்னால் வந்தது. தவறு போன வழியிலேயே மருந்தும் போய்ச் சேர்ந்தது. எங்கிருந்தோ இறக்கிக் கையால் நிறுவிய கோப்புக்கு அப்படியொரு வழி கிடையாது.

எக்ஸ்இஸட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளில் நடந்த 2024 விவகாரம் இன்னும் கூர்மையானது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், அல்லது ஒரு குழு, இரண்டு வருஷத்துக்கு மேல் நல்ல பிள்ளையாக வேலை செய்து, தனியாளாகத் திணறிக்கொண்டிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, இணைப் பராமரிப்பாளராகி, 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு வைத்தார். தொலைவிலிருந்து கணினிக்குள் எஸ்எஸ்எச் வழியாக நுழைய அரை விநாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற பொறியாளர் துருவிப் பார்க்கப்போய், மார்ச் 29 அன்று உலகத்துக்குத் தெரிந்தது. டெபியனின் சோதனைக் கிளைகளுக்குள் அது நுழைந்திருந்தது. நிலையான வெளியீட்டில் நுழையவில்லை, காரணம் அங்கே பழைய பதிப்பு! இதில் அதிர்ஷ்டமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புதியது வந்து சில மாதமாவது பல கண்கள் முன்னால் கிடக்கட்டும் என்ற ஏற்பாடு இல்லாவிட்டால் அந்த அதிர்ஷ்டத்துக்கு நேரமே கிடைத்திருக்காது.

கே: எங்கள் ஏரியில் பாடு உள்ளவனுக்குத்தான் வலை போட இடம். இல்லாதவன் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். உங்கள் களஞ்சியமும் அப்படித்தானே?
– பழவேற்காடு வாசகர்

ப: இந்த வாரத்தின் சிறந்த கேள்வி இதுதான். பாடு முறையில் எந்த இடத்தில் யார், எந்த நாளில் வலை கட்டுவது என்று ஊர் கூடி, சீட்டுப் போட்டு, சுழற்சியில் முடிவு செய்கிறார்கள். நல்ல இடம் ஒருவருக்கே நிலைத்துவிடுவதில்லை. ஏரியில் இருப்பவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும், தப்பு நடந்தால் ஊருக்குப் பதில் சொல்ல வேண்டும். களஞ்சியத்தின் பலமும் அதுதான். பாட்டுக்கு வெளியே நிற்கும் சமூகங்களின் மனக்குறையும் உண்மையானது, ஏரியில் அதற்காகச் சண்டைகளே நடந்திருக்கின்றன.

ஒப்புமை இங்கே அறுந்துவிடுகிறது. பாடு பிறப்போடும் சமூகத்தோடும் ஒட்டியது. களஞ்சியத்துக்குள் வேலையால் நுழையலாம். ‘இந்த பேக்கேஜ் வேண்டும்’ என்று விண்ணப்பம் போடலாம், நீங்களே தயாரித்து, மூத்த பராமரிப்பாளர் ஒருவர் சரிபார்த்து ஏற்றிவிடக் கேட்கலாம். 2023 ஜனவரியில் விழுப்புரத்தில் சிறு டெபியன் மாநாடு நடந்தது, அதே செப்டம்பரில் உலக மாநாடே கொச்சிக்கு வந்தது. தாமதமாகும், சலிப்பூட்டும், சில சமயம் முரட்டுப் பதில்கூட வரும். இந்தக் குறைகளை நான் மூடி மறைக்கப்போவதில்லை. காத்திருக்க முடியாதவர்களுக்கு டெபியனின் பேக்போர்ட்ஸ் இருக்கிறது: புதிய பதிப்பு, அதே மின்கையெழுத்துச் சோதனை. பிளாட்பேக், ஸ்னாப் போன்ற பெட்டிகளும் உண்டு. ரூட் அதிகாரத்தைக் கட்டுப்படுத்துவதில் அவை மேல். ஆனால் பெட்டிக்குள் இருப்பதை யார் புதுப்பிக்கிறார் என்ற கேள்வி அங்கும் போகாது. 2018இல் ஸ்னாப் கடையில் ஒரு விளையாட்டுக்குள் கிரிப்டோ நாணயம் தோண்டும் நிரல் ஒளிந்திருந்தது.

கே: எங்கள் பக்கம் நெட் ஒழுங்காகக் கிடைக்காது. தினமும் புதுப்பிக்க வேண்டுமா?
– அரங்கம்குப்பம்

ப: பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் தானாக எடுக்கும்படி ‘அன்அட்டெண்டெட் அப்கிரேட்ஸ்’ பேக்கேஜை அமைத்துவிட்டால் நெட் வரும்போது அது பார்த்துக்கொள்ளும். மற்றவற்றை ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் விடும் நாளில் செய்யுங்கள். அன்றைக்கு எப்படியும் கடலுக்குப் போகவிட மாட்டார்கள்.

கே: மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குப் பதிவு செய்ய என்று வாட்ஸ்அப்பில் ஓர் ஏபிகே கோப்பு வந்திருக்கிறது. போனில்தானே, போட்டுப் பார்க்கலாமா?
– படகு உரிமையாளர், கூனங்குப்பம்

ப: ஆண்ட்ராய்டும் லினக்ஸ் கருவின் மேல் ஓடுவதுதான், சட்டமும் அதேதான். கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்று விதவிதமான பெயரில் இப்படிக் கோப்புகள் நாடெங்கும் சுற்றுகின்றன. குறுஞ்செய்தி படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தால் வங்கியின் ஓடிபி அவர்களுக்குப் போய்விடும். இதற்கு மட்டும் ‘யார் புதுப்பிப்பார்’ என்று கேட்கத் தேவையில்லை, அனுப்பியவரே அக்கறையாகப் பார்த்துக்கொள்வார். ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடைக்கான நிவாரணம் வங்கிக் கணக்குக்கே வரும், விவரம் மீன்வளத்துறை அலுவலகத்தில் கிடைக்கும். கோப்பை அழித்துவிடுங்கள். ஏற்கெனவே நிறுவியிருந்தால் போனின் நெட்டைத் துண்டித்து, வேறொரு போனிலிருந்து முதலில் வங்கிக்கும் அடுத்து சைபர் குற்ற உதவி எண் 1930க்கும் கூப்பிடுங்கள்.