வென்றால் என்னாகும் என்பார் இயல்

இவ்வியல் என் நுதலிற்றோ எனின், ஒருவர் ஜனாதிபதியானால் நாடு என்ன ஆகும் என்பதை, அந்த நாட்டில் வாக்கில்லாதவர்கள், ஐயாயிரம் மைலுக்கு அப்பால் நின்று, கையில் வாங்கிய பொங்கல் ஆறுமுன் முடிவு செய்யும் முறைமை உணர்த்துதல் நுதலிற்று.

களம், லண்டன் ஆர்ச்வே. காலம், 2019 நவம்பர். வாதத்துக்குரிய பொருள், கோட்டாபய ராஜபக்ஷ.

களத்தைப் பற்றி முதலில். ஆர்ச்வே ரோட்டில் மேடேறிப் போனால் 200ஏ இலக்கத்தில் ஹைகேட்ஹில் முருகன் கோயில். வெள்ளிக்கிழமைப் பூசை முடிந்ததும் வாதம் செருப்புத் தட்டடியில் தொடங்கும். கடதாசித் தட்டு கைக்கு வந்ததும் சற்றுத் தணியும். 43ஆம் இலக்க பஸ் தரிப்பில் மறுபடி மூளும். பஸ் இரண்டு போய்விட்ட பிறகும் ஓயாது. இங்கு வந்து அரசியல் கதைக்காமல் திரும்பியவர் என்று துணிந்து சொல்லத்தக்கவர் 2002இல் வந்துபோன எலிசபெத் மகாராணியார் ஒருவரே. அவருக்கு அது உத்தியோக விதி.

வாதிப்போர் இருவகையர்: வாக்குள்ளோர், வாக்கில்லோர். இலங்கைச் சட்டம் வெளிநாட்டில் இருந்தபடி வாக்களிக்க இடம் தருவதில்லை. ஆகவே ஆர்ச்வேயைப் பொறுத்தவரை முதல் வகை வெறுமை. வெறுமையான வகையை ஏன் சொன்னீர் எனின், இரண்டாம் வகையார் பேசும் தோரணையில் முதல் வகையோ என்று மயங்காதிருக்கச் சொன்னோம் என்க.

அடுத்து, வேட்பாளருக்கு இலக்கணம். 'எப்படி?' என்று ஒருவர் கேட்குமுன் கைதட்டு வாங்கிவிடுபவர் கைதட்டு வேட்பாளர். அந்த ஏப்ரல் 21இல் ஈஸ்டர் குண்டுகள் வெடித்திருந்தன. 2005 முதல் 2015 வரை பாதுகாப்புச் செயலாளராயிருந்த கோட்டாபய, 'பாதுகாப்பு' என்ற ஒரு சொல்லோடு மேடையேறினார். 35 வேட்பாளர்களின் பெயர் தாங்கிய வாக்குச்சீட்டில், மற்ற முப்பத்து நால்வரும் சேர்ந்தாலும் அந்தக் கைதட்டு வராது.

இனி, வாக்கில்லோரின் கிளைகள்.

வெள்ளை வானார். ஆட்களைக் கடத்திய வெள்ளை வான்களை மறவாதவர்கள். இவர்கள் வாதம் ஒரே வரி: "பழையபடி தூக்குவாங்கள்." இதிலும் இரு பிரிவு உண்டு. கண்டவர்கள் குரலைத் தாழ்த்திச் சொல்வர். யூடியூப்பில் கண்டவர்கள் உயர்த்திச் சொல்வர். தம்பியைத் தொலைத்த ஒருவர் இந்தப் பேச்சு தொடங்கினால் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். அவரை இந்நூல் வகைப்படுத்தவில்லை.

வெள்ளை வானார் சொன்னது பொய்த்தது என்று பின்னர் ஏளனம் செய்தோர் உளர். அது அறியாமை. மிருசுவில் கொலைகளுக்காக மரண தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் பொதுமன்னிப்புக் கிடைத்தது. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களின் உடல்கள், குடும்பங்கள் கதறக் கதற, எரிக்கப்பட்டன. 2021 ஜனவரி 8 இரவு, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபி இடிக்கப்பட்டது. ஆகவே வெள்ளை வானார் பாதி சரி. மற்றப் பாதியை அவர்கள் பார்க்கவில்லை. அது கீழே வரும்.

வரட்டுமார். இவர்களே இவ்வியலின் மணிமுடி. "அவன் வரட்டும். அப்பத்தான் உலகம் பார்க்கும்" என்பது இவர்கள் சூத்திரம். நல்லவன்போல் சிரிப்பவன் வந்தால் உலகம் ஏமாறும், கெட்டவன் வந்தால் விழிக்கும் என்பது கருத்து. கேட்கச் சாணக்கியம் போலிருக்கும். இதன் மூலப்பிரதி 2005. அந்த நவம்பரில் வடக்கில் புறக்கணிப்பு. யாழ் மாவட்டத்தில் 1.2 சதவீதம் பேர்தான் வாக்களித்தார்கள். மகிந்த ராஜபக்ஷ ரணில் விக்கிரமசிங்கவை ஏறக்குறைய 1 இலட்சத்து 80 ஆயிரம் வாக்குகளால் வென்றார். யாழ்ப்பாணத்தில் மட்டும் பதிவிலிருந்த வாக்குகள் இதைப்போல் பல மடங்கு. நாலு வருடத்துக்குள் 2009 மே, முள்ளிவாய்க்கால். உலகம் பார்த்ததா எனின், பார்த்தது. பாராளுமன்றச் சதுக்கத்தில் கிழமைக்கணக்காகக் குந்தியிருந்த லண்டன் தமிழரையும் பார்த்தது. பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தது. இவ்வளவும் தெரிந்தும் 2019இல் அதே சூத்திரத்தை அதே செருப்புத் தட்டடியில் சொல்ல ஆள் இருந்தார்கள். இவர்களில் எவரும் அந்தக் 'கெட்டவன்' வந்தால் அடி விழும் இடத்தில் குடியிருப்பவரல்லர். மஸ்வெல் ஹில்லில் இருப்பவர் என்பது நோக்கத்தக்கது.

எல்லாம் ஒண்டார். பிரதான எதிர்வேட்பாளர் சஜித்துக்கும் இவர்களிடம் அதே தீர்ப்பு: "சஜித் வந்தாலென்ன, கோட்டா வந்தாலென்ன, எல்லாம் ஒண்டுதான்." இவ்வளவே. இவர்களுக்கு பஸ் முதலில் வரும்.

ஒப்பியலார். எதையும் நேரே பாரார்; ட்ரம்ப் வழியாகப் பார்ப்பர், பொல்சொனாரோ வழியாகப் பார்ப்பர். அந்த நவம்பரில் இவர்களுக்கு விருந்து. டிசம்பர் 12 பிரித்தானியப் பொதுத்தேர்தல். ஆர்ச்வே நிலையம் அடங்கும் இஸ்லிங்டன் நோர்த் தொகுதியின் எம்.பி. ஜெரமி கோர்பினே எதிர்க்கட்சித் தலைவர். அந்தப் பக்கம் பொரிஸ் ஜோன்சன். கோட்டாவின் கேடுகளை விரலில் எண்ணிச் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பொரிஸுக்குத்தான் வாக்கு என்பவர் இதன் உட்பிரிவு. காரணம் கேட்டால், "இங்க வாற ஆக்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்தத்தானே வேணும், தம்பி." சொன்னவர் 1989இல் ஹீத்ரோவில் இறங்கி அகதி விண்ணப்பம் கொடுத்தவர். முரண் அல்லவோ எனின், அன்று. வந்து சேர்ந்தவனுக்குக் கதவைப் பற்றிய கருத்து மாறுதல் இயல்பு என்க.

காணியார். வெள்ளவத்தையில் ஃபிளாட் உள்ளோரும், வாங்க எண்ணியோரும். கோயிலில் இவர்களுக்கு மரியாதை குறைவு, "இனம் எரியுது, இவருக்குச் சதுர அடி" என்று. கோட்டா நகர அபிவிருத்தியையும் கையில் வைத்திருந்த காலத்தில் கொழும்பு நடைபாதைகள் துப்புரவானதைக் கண்டவர்கள். வந்தால் விலை ஏறும் என்றார்கள். விடை முழுப் பிழை. ஆனால் அந்த மண்டபத்தில், காசுக்கு என்ன ஆகும் என்று கேட்டவர்கள் இவர்கள் மட்டுமே.

இது ஏன் பெரிது எனின், மற்ற எல்லோரும் கேட்டது 'அடி யாருக்கு விழும்?' என்பது. எல்லோருக்கும் விடை தெரியும் என்பதே அவ்வாதத்தின் அடித்தளம். தமிழருக்கு விழும், முஸ்லிம்களுக்கு விழும். கோட்டாவுக்கு வாக்குப் போட்ட 69 இலட்சம் பேரும் அதையேதான் நினைத்தார்கள்: விழுந்தால் அவர்களுக்கு விழும், எங்களுக்கல்ல.

'சுபீட்சத்தின் நோக்கு' என்ற அவருடைய தேர்தல் விஞ்ஞாபனம் ஒளிவுமறைவான ஏடு அல்ல. ஆர்ச்வேயில் அது கைபேசிக்குக் கைபேசி போனது. திறந்தவர்கள் தேடிய சொற்கள் 'தமிழ்', 'அதிகாரப் பகிர்வு', '13ஆம் திருத்தம்'. எதிர்பார்த்தது கிடைக்காததும் மூடிவிட்டார்கள். வரியைக் குறைப்போம் என்று அதில் இருந்தது. பத்து வருடத்தில் இயற்கைப் பசளைக்கு மாறுவோம் என்றும் இருந்தது. அந்தப் பக்கங்களுக்கு உரையெழுத ஆளில்லை.

வென்ற சூட்டோடு, 2019 டிசம்பரில், பெறுமதிசேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 ஆனது. கைதட்டு. திறைசேரி வற்றத் தொடங்கியது. 2021 மே மாதம், பத்து வருடம் என்றது ஒரே வர்த்தமானியில் முடிந்தது: இரசாயனப் பசளை இறக்குமதிக்குத் தடை. நவம்பரில் தடையை எடுத்தார்கள். பயிர் அதுவரை காத்திருக்கவில்லை. 203 ரூபாயில் பிடித்து வைத்திருந்த டொலர், 2022 மார்ச்சில் கயிறறுந்து, மே மாதம் 360ஐத் தொட்டது. இடையில், ஏப்ரல் 12இல், கடன் கட்ட முடியாது என்று அரசே அறிவித்தது. கிளிநொச்சி வயற்காரனும் அம்பாந்தோட்டை வயற்காரனும் ஒரே பசளைக்கு அழுதார்கள். எரிவாயுச் சிலிண்டர் வரிசையில் இனம் கேட்டு ஒருவரையும் முன்னே விடவில்லை. ஆர்ச்வேயில் வாதம் ஓய்ந்து பொதி கட்டும் வேலை தொடங்கியது: பால்மா, பனடோல், பிரஷர் குளிசை. வெள்ளை வானாரும் வரட்டுமாரும் ஒரே பெட்டிக்கு ஒரே பிசின்நாடா ஒட்டினார்கள்.

ஜூலை 9இல் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து நீச்சல் தடாகத்தில் குதித்த கூட்டத்தில், அவருக்கே வாக்குப் போட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ண ஒருவருமில்லை. கோட்டா 13ஆம் திகதி மாலைதீவுக்கும் அடுத்த நாள் சிங்கப்பூருக்கும் போய், அங்கிருந்து பதவி விலகினார். "நாங்கள் எழுபது வருஷமாச் செய்ய ஏலாததை காஸ் சிலிண்டர் செய்து போட்டுது" என்று எல்லாம் ஒண்டார் ஒருவர் சொன்னதாகக் கேள்வி. அவ்வகையார் இவ்வளவு நீளமாகப் பேசியதற்கு வேறு சான்று இல்லை.

இவ்விலக்கணம் 2024 ஜனாதிபதித் தேர்தலில் சிக்கலுற்றது. அநுர குமார திசாநாயக்கவும் கைதட்டு வேட்பாளர்தான், ஆனால் கைதட்டின் திசை வேறு. வடக்கு-கிழக்கு இணைப்பை 2006இல் நீதிமன்றம் ஏறிப் பிரித்தது இவருடைய ஜே.வி.பி. என்று வெள்ளை வானார் தேதியோடு நிறுவினர். வரட்டுமாரோ பாதிப்பேர் இம்முறை மெய்யாகவே வரட்டும் என்றார்கள். தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனை முன்வைத்துப் புதிய கிளையொன்றும் முளைத்தது. வென்றால் என்னாகும் என்ற கேள்வியே எழாத வேட்பாளருக்காக வாதாடுதல் இதன் தனிச்சிறப்பு. 2 இலட்சத்து 26 ஆயிரம் வாக்குக் கிடைத்தது. முதல் எண்ணிக்கையில் எவரும் பாதியைத் தாண்டாததால் இலங்கை வரலாற்றில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டு அநுர வந்தார். நவம்பர் 14 பாராளுமன்றத் தேர்தலில் திசைகாட்டிச் சின்னத்தில் நின்ற அவர் கட்சி யாழ்ப்பாணத்திலேயே ஆறில் மூன்று ஆசனம் எடுத்தது.

அடுத்த நாள் வெள்ளிக்கிழமை. ஒப்பியலாரின் உட்பிரிவைச் சேர்ந்த ஒருவர் பஸ் தரிப்பில் நின்று யாழ்ப்பாணத்து மருமகனைத் தொலைபேசியில் பிடித்தார். தமிழ்க் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்குப் போடு என்று தாம் ஒரு மாதமாகச் சொல்லி, "ஓம் மாமா" என்று ஒரு மாதமாகக் கேட்டவர்.

"எதுக்கடா போட்டனி?"

"திசைகாட்டிக்கு மாமா."

"விசரா! அவங்கள் வென்றால் உனக்கு என்ன நடக்கும் எண்டு யோசிச்சனியே?"

"அது கிடக்கட்டும் மாமா. உங்கட பக்கம் அந்த ஃபராஜ் வென்றால் உங்களுக்கு என்ன நடக்கும்?"

"எங்களுக்கு என்ன நடக்கிறது? நாங்கள் சிற்றிசன் எல்லே."