நெருப்புக்கு மாடி, குளிருக்குத் தரைத்தளம்

எங்கள் வீட்டில் காலியான இடம் என்று ஒன்று உண்டென்றால் அது என் மண்டைக்குள் மட்டும்தான் என்பது என் வீட்டுக்காரியின் நெடுநாள் கட்சி. மற்ற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, நிரப்பியவன் நான். ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சந்து கண்ணில் பட்டால் என் கை சும்மா இருக்காது. ஒரு கோரைப்பாய், ஒரு மடக்கு நாற்காலி, மஞ்சப்பைகள் அடைத்த ஒரு மஞ்சப்பை. ஃப்ரிட்ஜின் தலையில் கரண்ட் பில், சுக்குப்பொடி டப்பா, ஸ்டெபிலைசர், ஸ்டெபிலைசருக்கு ஒரு பூப்போட்ட துணி. அடியில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டாண்ட். அதன் நாலு காலில் ஒன்று தரையைத் தொடாததால் அங்கே மடித்துச் செருகியிருப்பது எங்கள் கல்யாணப் பத்திரிகை. எங்கள் தாம்பத்தியம் எதையாவது தாங்கிப் பிடித்திருக்கிறது என்பதற்குக் கண்ணால் காணத்தக்க சான்று அது ஒன்றுதான்.

இப்பேர்ப்பட்டவனிடம்தான் மச்சினன் தன் மெஸ்ஸுக்கு வாங்கிய பெட்டியை ஒப்படைத்தான். "அத்தான், நீங்க நின்னு பாத்து வச்சுக் குடுத்திருங்க." வீடு கட்டின காலத்தில் கொத்தனார் மறந்துவிட்டுப் போன ரசமட்டம் என்னிடம் இருந்தது. அந்த வேலைக்கு வேறு தகுதி எதுவும் எனக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

மச்சினன் மெஸ் குலசேகரன்பட்டினத்தில், கோயிலுக்குப் போகிற வழியில். தசரா பத்து நாளும் முத்தாரம்மனைப் பார்க்க வரும் கூட்டத்தை நம்பித் தொடங்கியது. இப்போது ராக்கெட்டையும் நம்பிக்கொண்டிருக்கிறது. 2024 பிப்ரவரி 28 அன்று இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள் அல்லவா, அன்றைக்கே அவன் விஞ்ஞானிகள் எத்தனை தோசை சாப்பிடுவார்கள் என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டான். அந்தக் கணக்கின் விளைவுதான் இந்தப் பெட்டி. ஏதோ ஒரு ஊரில் மூடிய ஏதோ ஒரு ஓட்டலிலிருந்து செகண்ட் ஹேண்டில் வந்தது.

பார்த்தால் இடுப்பளவு உயரத்தில் நீளமான ஸ்டீல் மேடை. அடியில் இழுப்பறைகள், இழுத்தால் குளிர் முகத்தில் அடிக்கும். மேலே தோசைக்கல்லும் பர்னரும் உட்காரும். பெரிய ஓட்டல்களில் செஃப் பேஸ் என்பார்கள். மாஸ்டர் நின்ற இடத்தில் நின்று, குனிந்தால் மாவு, நிமிர்ந்தால் தீ. நடந்து போய்ப் பெரிய ஃப்ரிட்ஜைத் திறந்து மூடும் வேலை மிச்சம். நெருப்பை மாடியிலும் குளிரைத் தரைத்தளத்திலும் குடிவைக்கும் இந்த யோசனை எவனுக்குத் தோன்றியதோ, அவன் கூட்டுக்குடும்பத்தில் வளர்ந்தவனாக இருக்க வேண்டும்.

உடன்குடியிலிருந்து மெக்கானிக் அண்ணாச்சி வந்தார். நான் ரசமட்டத்தோடு வாசலில் நின்றேன். அவர் என்னையும் பார்க்கவில்லை, ரசமட்டத்தையும் பார்க்கவில்லை. குட்டியானை டிரைவரைப் பார்த்து முதல் கேள்வி: "நிமித்திக் கொண்டாந்தியளா, படுக்கப் போட்டா?"

பாலம் தாழ்வாக இருந்த இடத்தில் கொஞ்சம் சாய்த்தோம் என்றான் டிரைவர். "அப்பம் இன்னைக்கு சுவிட்சு கிடையாது. நாளைக்குத்தான்." சாய்த்தால் கம்ப்ரசரின் அடியில் இருக்கும் எண்ணெய் குழாய்க்குள் ஏறிவிடுமாம். நிமிர்த்தி வைத்து, அது இறங்கி வரும்வரை விட வேண்டும். அவசரப்பட்டுப் போட்டால் எண்ணெய் இல்லாமல் கம்ப்ரசர் ஓடி, கதை முடிந்துவிடும். எனக்கு அந்தப் பெட்டியின் மேல் உடனே ஒரு பாசம் வந்தது. பிரயாணம் போய்வந்தால் ஒருநாள் சும்மா நிற்க எனக்கும் ஆசைதான். எனக்காகச் சொல்ல மெக்கானிக் இல்லை.

மறுநாள் அண்ணாச்சி இடம் பார்த்தார். மச்சினன் பெருமையாக மூலையைக் காட்டினான். இரண்டு பக்கமும் சுவர், அளவெடுத்த மாதிரிப் பெட்டி உள்ளே போய் உட்கார்ந்துவிடும், ஒரு விரல்கூட வீணாகாது. எனக்குப் புல்லரித்தது. இப்படி ஓர் இடத்தை நான் ஆயுள் முழுக்கத் தேடியிருக்கிறேன்.

"இங்ஙன வச்சா அது எங்க மூச்சு விடும்?" என்றார் அண்ணாச்சி.

அப்போதுதான் விளங்கியது, ஃப்ரிட்ஜ் குளிரை உண்டாக்குவதே இல்லை. உள்ளே இருக்கும் சூட்டை எடுத்து வெளியே கொட்டுகிறது. அவ்வளவுதான் அதன் உத்தியோகம். கொட்ட இடம் இல்லையென்றால் அந்தச் சூட்டையே திரும்ப விழுங்கி விழுங்கிக் கம்ப்ரசர் ஓயாமல் ஓடும். இந்தச் சேதி தெரியாத எங்கள் பெரியப்பா, குளிர்ப் பெட்டியின் வலைக்கம்பி ஓரம் நாற்காலி போட்டுச் சட்டையைக் கழற்றிக் காற்று வாங்கினார். வேர்த்து விறுவிறுத்து எழுந்து, "சவம், கெட்டுப்போன சாமானைத் தலையில கட்டிட்டானுவ" என்றார்.

எவ்வளவு இடைவெளி என்பது பெட்டிக்குப் பெட்டி மாறும். செய்தவன் எழுதி வைத்திருப்பான், அதன்படி விடு என்பதுதான் விதி. எங்கள் பெட்டிக்கு அண்ணாச்சி கேட்டது அரை அடி. மச்சினனும் நானும் அரை அடிக்கு வழக்காடினோம். "அண்ணாச்சி, ஒரு ராக்கெட்டு விட 2,200 ஏக்கருக்கு மேல ஒதுக்கிருக்கான். சுத்தி மனுசன் நடமாடப்படாதுன்னு. நான் அரை அடிதான கேக்கேன்?" என்றார் அவர். அதற்குமேல் எங்களுக்கு வாய் இல்லை. இங்கே விடப்போவது எஸ்எஸ்எல்வி என்ற சின்ன ராக்கெட்; தெற்கே திறந்த கடல், இலங்கையைச் சுற்றி வளைக்காமல் நேராகப் போகலாம். அதன் மூன்று முக்கிய அடுக்கும் திட எரிபொருள். குளிர்பதனத் தொட்டி எதுவும் வேண்டாம். ஆக, ஊரில் ஃப்ரிட்ஜ் நிறுத்தத் தடுமாறுகிறவர்கள் நாங்கள் மட்டும்தான்.

பெரிய இயந்திரம் ஊருக்குப் புதிது என்று சொல்லிவிட முடியாது. பாரி கம்பெனி இங்கே பனைவெல்லத்திலிருந்து சீனி எடுக்கும் ஆலை நடத்தி, திருச்செந்தூருக்கும் திசையன்விளைக்கும் குட்டி ரயிலே விட்டது. 1940இல் நின்றுபோன அந்த ரயிலைப் பற்றிப் பெரியப்பா இன்னும் நேற்று இறங்கியவர் மாதிரிப் பேசுவார்.

அடுத்தது மட்டம். ஒருவழியாக என் ரசமட்டத்துக்கு வேளை வந்தது. வைத்தேன், குமிழி ஓரத்துக்கு ஓடிப் பதுங்கிக்கொண்டது. "அது சரியில்ல அண்ணாச்சி, பழசு" என்று சமாளித்தேன். ரசமட்டம் சரிதான், தரைதான் அப்படி என்றார். அடுப்படிக்கு வாட்டம் விட்டுத்தான் தரை போடுவார்கள், கழுவின தண்ணீர் சாக்கடைக்கு ஓட வேண்டுமே. அந்த வாட்டத்தில் பெட்டியை அப்படியே நிறுத்தினால் இழுப்பறை தானாகத் திறக்கும், கல்லில் ஊற்றின எண்ணெய் ஒரே மூலைக்குப் போகும், பாரம் எல்லாம் ஒரு காலில் இறங்கும். நான் பழக்கதோஷத்தில் ஒரு பத்திரிகையை மடிக்க ஆரம்பித்தேன். மச்சினன் தேங்காய்ச் சிரட்டையோடு வந்தான். அண்ணாச்சி எங்கள் இருவரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஸ்பேனரால் பெட்டியின் சக்கரம் வைத்த காலைத் திருகினார். கால் நீண்டது. காலைத் திருகினால் உயரும் என்பது முன்பே தெரிந்திருந்தால் எங்கள் கல்யாணப் பத்திரிகை இந்நேரம் ஆல்பத்தில் இருந்திருக்கும்.

பாரக் கணக்கை அவர் லேசில் விடவில்லை. மேல்தகடு எவ்வளவு தாங்கும் என்று பெட்டியின் தகட்டில் இருக்கிறதா என்று தேடினார். ஓட்டல் தோசைக்கல் என்பது வீட்டுத் தோசைக்கல் இல்லை; ஆள் படுக்கலாம். அதோடு பர்னர், சட்டம், எண்ணெய்ச் சட்டி. கல்லை நேரே தகட்டில் உட்காரவைக்கக் கூடாது, நாலு அங்குலக் கால் வைத்துத் தூக்க வேண்டும், நடுவில் காற்று போகணும், இல்லையென்றால் மேலே சுடுவதை எல்லாம் கீழே குளிரவைத்துக்கொண்டிருக்கும், கரண்ட் பில் உன் பேருக்கு வரும் என்றார். இன்னொன்று: இரண்டு இழுப்பறையை ஒரே நேரத்தில் முழுக்க இழுக்காதே. உள்ளே மாவுப் பாத்திரம் கனம், மேலே கல் கனம், பெட்டி முன்பக்கம் கவிழும். தோசை மாஸ்டர் இதைக் கேட்டு, "அப்பம் சட்னிக்கு வேற ஆளு போடுங்க" என்று சம்பள விஷயத்தை அங்கேயே ஆரம்பித்தார்.

பிறகு சாமி படம். முத்தாரம்மன் படத்தை மாட்டப் பெட்டியின் பக்கவாட்டில் டிரில் போடலாம் என்று மச்சினன் கிளம்பினான். அண்ணாச்சி அலறியே விட்டார். தகட்டில் தீச்சுடர் போட்ட மஞ்சள் முக்கோணம் ஒன்று ஒட்டியிருந்தது. நான் அதை அடுப்பு வைக்கும் இடம் என்று நினைத்திருந்தேன். அது உள்ளே இருக்கும் குளிர்விக்கும் வாயு ஆர்290 என்பதற்கான எச்சரிக்கை. ஆர்290 என்றால் புரொபேன். வீட்டு ஃப்ரிட்ஜில் வரும் ஆர்600ஏ ஐசோபியூட்டேன். சமையல் சிலிண்டரில் இருப்பதும் புரொபேனும் பியூட்டேனும்தான். மேலே எரிகிறதும் கீழே குளிர்விக்கிறதும் பங்காளிகள்! அளவு கொஞ்சம்தான், குழாய்க்குள் பூட்டி இருக்கும்வரை சாது. டிரில் அந்தக் குழாயில் பட்டால் பங்காளிகள் நேருக்கு நேர் சந்திப்பார்கள். அம்மன் சுவருக்குப் போனாள்.

சிலிண்டர் வெளியே இருக்க வேண்டும் என்றார். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் மேலே போகாது, தரையில் படியும். தரையில் என்ன இருக்கிறது? கம்ப்ரசர், ரிலே, ஓடி நிற்கும்போது ஒரு பொறி வரலாம். நாற்றம் அடித்தால் பிளக்கைப் பிடுங்கப் பாயாதே, வெளியே மெயினை அணை. ரப்பர் டியூப் ஐஎஸ்ஐ முத்திரை போட்டதாக இருக்கணும், கெடு முடிந்ததும் மாற்றணும். பெட்டிக்குச் சக்கரம் இருப்பதால் பெருக்க இழுக்கும்போது டியூபும் சேர்ந்து பிய்ந்து வரும். ஆகவே டியூபைவிட நீளம் குறைந்த ஒரு சங்கிலி சுவரோடு கட்டு. முன்சக்கரம் இரண்டுக்கும் பிரேக் போடு. சொல்லிக்கொண்டே போனார். மச்சினன் தலையாட்டிக்கொண்டே இருந்தான்; ஆனால் நீல சிலிண்டர் என்றதும் மட்டும் அவன் தலை நின்றுவிட்டது. ஓட்டலுக்கு 19 கிலோ நீல சிலிண்டர்தான், வீட்டுக்கான 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரைக் கடையில் எரிப்பது சட்டப்படி குற்றம். அவன் கொல்லையில் சாக்குப் போட்டு மூடியிருந்தது என்ன நிறம் என்று நான் எழுதப்போவதில்லை. அவன் என் வீட்டுக்காரியின் தம்பி.

கரண்டில் என் திறமையைக் காட்ட நினைத்தேன். பிளக் பொருந்தவில்லை என்றால் வயரின் நுனியைச் சீவி, சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி செருகுவதில் நான் கைதேர்ந்தவன். மூன்றாவது முள்ளை வெட்டிவிடுவதும் தெரியும். அண்ணாச்சி தனி லைன், 16 ஆம்பியர் சாக்கெட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி என்று கேட்டார். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கூடவே கூடாது. தரை எப்போதும் ஈரம், கையில் மாவு. ஸ்டீல் பெட்டியில் கசிகிற கரண்டுக்கு உங்கள் உடம்பைத் தவிர வேறு வழி வேண்டாமா? எர்த் குழி வெட்டி உப்பும் கரியும் போட்டோம். இது தேரிக்காட்டை ஒட்டிய மணல். காய்ந்தால் கரண்டு இறங்காது, குழிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருக்கணும் என்று சொல்லிவிட்டார். இப்போது தினமும் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது என் பொறுப்பு. வீட்டு முருங்கைக்கே நான் ஊற்றியதில்லை என்று வீட்டுக்காரி சொல்லிக் காட்டுகிறாள்.

ஸ்டீலைச் சோதிக்க நான் காந்தம் கொண்டுபோயிருந்தேன். காந்தம் ஒட்டவில்லை, உயர்ந்த சாமான் என்று அறிவித்தேன். "304 கிரேடும் ஒட்டாது, 202ம் ஒட்டாது. நிக்கலைக் குறைச்சு மாங்கனீசு போட்டது 202. நம்ம கடக்காத்துக்கு அதுதான் முதல்ல துருப்பிடிக்கும்" என்றார் அண்ணாச்சி. உப்புக் காற்றையே தாங்க வேண்டுமென்றால் மாலிப்டினம் சேர்த்த 316 வாங்கணுமாம், அந்த விலைக்கு மெஸ்ஸையே விற்கணும். பின்னால் இருக்கும் அலுமினியத் தகடுகளில் எண்ணெய்ப் பிசுக்கும் உப்பும் சேரும். மாதம் ஒருதரம் பிரஷ் போடச் சொன்னார். உள்ளே ஒரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, 5 டிகிரிக்கு மேல் ஏறினால் மாவையும் பாலையும் நம்பாதே, கொதிக்கிற சாம்பாரை உள்ளே தள்ளாதே. வெளிச்சூடு 43 டிகிரிவரை தாங்கும் என்று அந்தப் பெட்டியின் தகட்டில் 'டி' என்று ஓர் எழுத்து இருந்தது. சித்திரை மாதத்து மத்தியானம் தோசைக்கல் பக்கத்தில் அந்த எழுத்து என்ன ஆகும் என்று மாஸ்டர் கேட்டார். யாரும் பதில் சொல்லவில்லை.

தசராவுக்குக் கொடி ஏறியது. காப்புக் கட்டினவர்கள் காளி, குரங்கு, கரடி, எமன் என்று வேஷம் போட்டு ஊர் ஊராகக் காணிக்கை எடுக்க இறங்கினார்கள். பெட்டி ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. காலைக் கூட்டத்தில் தோசை பறந்துகொண்டிருந்தபோது காக்கி உடையில் ஒருவர் உள்ளே வந்தார். தொப்பி, லத்தி, பெல்ட், எல்லாம் சரியாக இருந்தது. நேரே அடுப்படிக்குள் போய்ச் சங்கிலியைப் பார்த்தார், டியூபைப் பார்த்தார், கொல்லைக் கதவைத் தள்ளிச் சாக்கின் ஓரத்தை லத்தியால் தூக்கினார். மச்சினன் நிறம் மாறிவிட்டான். நான் மெள்ள நகர்ந்து சாப்பிட வந்தவன் மாதிரி பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் கேட்டேன்.

அவர் திரும்பி வந்து மச்சினன் முன் நின்று, இடுப்பிலிருந்து தட்டை எடுத்து நீட்டினார். "முத்தாரம்மனுக்குக் காணிக்கை போடுங்க அண்ணாச்சி."

மச்சினனுக்கு உயிர் திரும்பியது. "எலே, வேசமா? சோலி என்னவே உமக்கு?"

"கேஸ் ஏஜென்சில சிலிண்டர் போடுதேன்" என்றார் அவர்.

மச்சினன் பத்து ரூபாயைத் திரும்பப் பையில் வைத்துவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்தான்.